காசுக்கு ஓர் உண்மை நகல்



பழங்காசுகளைப் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று இங்கே ஓசூரில் என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு மாடலின் பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மாடல்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. காசை எதற்காகப் படமெடுக்கிறோம் என்ற கேள்விக்கான பதில் அப்படி மாறுவதில்லை. அது தெளிவாகிவிட்டால் எந்தக் கேமரா, எந்த லென்ஸ், விளக்கை எங்கே வைப்பது என்பதெல்லாம் பாதி தானாகவே தெரிந்துவிடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் வரலாற்றுக்குள் போய் வருவோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஓய்வுக்குப் பின் மகனோடு ஓசூருக்கு வந்துவிட்டேன். அவனுக்கு இங்கே சிப்காட்டில் வேலை. எங்கள் ஊர்ப் பழைய காகிதங்களில் 'கோப்பி கோன்ஃபோர்ம்' என்று ஒரு முத்திரை இருக்கும். மூலத்தோடு ஒத்துப் பார்க்கப்பட்ட உண்மை நகல் என்று பொருள். மூலப் பத்திரம் கரையான் அரித்துப் போனாலும் அந்த முத்திரை உள்ள நகல் இருந்தால் குடும்பத்தின் நிலம் தப்பும். காசின் படத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது அழகுக்கு எடுக்கும் படம் இல்லை. நாளை அந்தக் காசு இல்லாமல் போனால் அதற்காகச் சாட்சி சொல்ல வேண்டிய படம்.

இல்லாமல் போகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோழர் காசைச் சொல்கிறேன்.

உத்தம சோழனின் பொற்காசு

இராஜராஜனுக்கு முன்னால் தஞ்சையில் அரசாண்டவர் உத்தம சோழர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. 985-இல் இராஜராஜன் பட்டத்துக்கு வந்தார். பெயர் பொறித்த சோழர் காசுகளில் மிகப் பழமையானது என்று நாணயவியலார் சொல்வது உத்தம சோழரின் பொற்காசைத்தான். நடுவில் உட்கார்ந்த புலி, அதன் முன்னால் மீன், சுற்றிலும் கிரந்த எழுத்தில் அரசர் பெயர்.

இவ்வளவு முக்கியமான காசு இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அது தொலைந்துவிட்டது. நமக்கு மிஞ்சியிருப்பது சர் வால்டர் எலியட் எழுதிய 'தென்னிந்திய நாணயங்கள்' என்ற ஆங்கில நூலில் உள்ள ஒரு கோட்டோவியம் மட்டுமே. எலியட் சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்தவர். அந்த நூல் 1886-இல் லண்டனில் வெளிவந்தபோது அவர் கண் பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 1 அன்று இறந்துபோனார்.

யாரோ ஒருவர் மை தொட்டு வரைந்ததால் அந்தக் காசு இன்றும் புத்தகங்களில் வாழ்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஓவியத்திடம் நாம் கேள்வி கேட்க முடியாது. இந்த எழுத்து காசிலேயே இவ்வளவு தெளிவாக இருந்ததா, அல்லது தேய்ந்த இடத்தை வரைந்தவர் நிரப்பினாரா? விளிம்பு வெட்டப்பட்டிருந்ததா? அச்சு நடுவில் விழுந்ததா, ஓரம் சாய்ந்ததா? ஓவியத்தில் வரைந்தவரின் முடிவுதான் இருக்கும். ஒரு நல்ல ஒளிப்படம் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளை அதனிடம் நேராகவே கேட்டிருக்கலாம்.

பாரிஸில் போன புதையல்

இப்படி ஒன்று பாரிஸிலும் நடந்திருக்கிறது. 1653-இல் துர்னே என்ற ஊரில் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் இறந்த ஷில்தெரிக் என்ற பிராங்க் அரசருடையது. உள்ளே பொற்காசுகள், வெள்ளிக்காசுகள், முத்திரை மோதிரம், தங்கத்தில் செய்த சிறு தேனீக்கள் என்று ஏராளமாக இருந்தன. ஷிஃப்லே என்ற மருத்துவர் எல்லாவற்றையும் செதுக்குப் படங்களாக்கி 1655-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

புதையல் பிறகு பாரிஸுக்கு வந்து, அரசு நூலகத்தின் நாணயக் கூடத்தில் பத்திரமாக இருந்தது. 1831 நவம்பரில் ஓர் இரவு அங்கே திருடர்கள் புகுந்தார்கள். எடுத்துப்போன தங்கத்தில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். கொஞ்சம் சேன் நதியிலிருந்து மீட்கப்பட்டது. நூற்றுக்கணக்கான தங்கத் தேனீக்களில் இன்று இருப்பவை இரண்டே இரண்டு. மற்றவற்றுக்கு ஷிஃப்லேயின் படங்கள்தான் சாட்சி. அரசாங்கப் பூட்டு காப்பாற்றாததை ஒரு மருத்துவரின் புத்தகம் காப்பாற்றிக் கொடுத்தது.

அந்தத் திருட்டு நடந்து எட்டே ஆண்டுகளில், 1839 ஆகஸ்ட் மாதம், தாகேரின் ஒளிப்பட முறை அதே பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் முந்தியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் அதே காலத்தில் வேறொரு முறையைக் கண்டுபிடித்த டால்பட், 1844 முதல் தவணை தவணையாக ஒரு படநூல் வெளியிட்டார். அதில் அலமாரியில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்களின் படம் ஒன்று உண்டு. இப்படிப் படமெடுத்து வைத்தால், திருட்டுப் போனபின் இந்த வாய் பேசாத படத்தை நீதிமன்றத்தில் காட்டலாமே என்ற பொருளில் அதன் கீழே எழுதியிருக்கிறார். ஒளிப்படக் கலை பிறந்து ஐந்து ஆண்டுகளுக்குள், சேகரிப்பாளரின் பெட்டிக்கு அது என்ன செய்யும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

காசைப் படமெடுப்பது ஏன் கடினம்?

இருந்தாலும் காசு உடனே கேமராவுக்கு வசப்படவில்லை. உலோகம் பளபளக்கும். ஒரு பக்கம் கண்ணைக் கூசும், மறுபக்கம் இருட்டிப் போகும். தாகேர் முறையிலோ படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக விழும். எழுத்துள்ள காசுக்கு அது ஆகாது.

அதற்கு முன்பே பிரான்ஸில் அஷீல் கொலாஸ் என்பவர் ஒரு இயந்திரம் செய்திருந்தார். ஓர் ஊசி பதக்கத்தின் மேல் வரிவரியாக நகரும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப, செதுக்கும் தகட்டில் கோடுகள் வளைந்து வளைந்து விழும். அச்சிட்டுப் பார்த்தால் பதக்கம் புடைத்து நிற்பதுபோல் தோன்றும். 1834-இல் தொடங்கிப் பல தொகுதிகளாக வந்த 'த்ரெஸோர் தெ நுமிஸ்மாதீக்' என்ற பெருநூல் இந்த முறையில் அச்சானது. மனிதக் கை நடுவில் புகாமல் காசே தன்னை வரைந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை கேமராவுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருங்காட்சியகங்கள் இன்னொரு வழி கண்டன. காசை அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வெள்ளை வார்ப்பு செய்து, அந்த வார்ப்பைப் படமெடுத்தார்கள். வார்ப்புக்குப் பளபளப்பு இல்லை, கறை இல்லை. நூறு காசுகளும் ஒரே நிறத்தில் நிற்கும். எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் செம்பின் பச்சையும் வெள்ளியின் கருமையும் போய்விட்டன. எது உண்மை நகல் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

இராயக்கோட்டைக்கு வந்த கேமரா

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை அரசாங்கம் 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியை அரசு ஒளிப்படக்காரராக நியமித்தது. தஞ்சாவூர், மதுரை, திருவரங்கம் என்று அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. ஓசூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: 1858-இல் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களையும் பற்றியது. நாம் கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ போகிற வழியில் பார்க்கிற அதே இராயக்கோட்டை மலைதான். அப்போது ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அதே ஆண்டு டிரைப் சென்னை அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். அந்தச் சிற்பங்களை 1845-இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவர் யார் தெரியுமா? நாம் மேலே பார்த்த வால்டர் எலியட். அதனால் அவற்றுக்கு 'எலியட் பளிங்குகள்' என்றே பெயர். பிறகு அவை லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன. ஆனால் சென்னையில் அவை எப்படி இருந்தன என்பதை டிரைப்பின் படங்களில் இன்றும் பார்க்கலாம். எலியட்டின் கற்களுக்குக் கேமரா கிடைத்தது. எலியட் நூலின் உத்தம சோழன் காசுக்குக் கோட்டோவியம்தான் கிடைத்தது.

1860-இல் டிரைப்பின் வேலையை அரசாங்கம் நிறுத்தியது. செலவு அதிகமாம். நான் அரசாங்கத்தில் இருந்தவன். அந்தக் கோப்பில் என்ன நடை இருந்திருக்கும் என்று எனக்குக் கற்பனை செய்ய முடிகிறது.

ஓரத்தில் இருந்த எழுத்து

படம் என்பது தொலைந்த காசுக்கு மட்டும் தேவை என்று நினைக்க வேண்டாம். கையில் இருக்கும் காசைப் படிப்பதற்கும் அதுதான் துணை. சங்க காலச் செப்புக் காசுகள் நெடுநாளாகவே கிடைத்து வந்தன. யானை, குதிரை, மீன், வில் என்று சின்னங்கள் இருந்தன. எழுத்து இல்லாததால் காலத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து நிலவியது. 1984-இல் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு பாண்டியர் செப்புக் காசில், குதிரை உருவத்துக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைக் கண்டார். மறுபக்கம் மீன் சின்னம். வழுதி என்பது பாண்டியருக்குரிய பெயர் என்பது நமக்குத் தெரியும். ஒரே பெயர் அந்தக் காசு வகை முழுவதையும் சங்க காலத்தோடு கட்டிவைத்துவிட்டது. 1997-இல் அவர் சங்க காலத் தமிழ் நாணயங்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் இன்றும் இத்துறையில் முதலில் எடுக்க வேண்டிய நூல்.

இரண்டாயிரம் ஆண்டு தேய்ந்த செம்பில் ஓர் எழுத்து தெரிவதும் தெரியாமல் போவதும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. என் அண்டை வீட்டுக்காரர் கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்றை எனக்குக் கொடுத்தவரும் அவரே. "தெரியலைன்னா கண்ணைக் கிட்ட கொண்டு போகாதீங்க சார், விளக்கை நகர்த்துங்க" என்பார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேமரா வாங்கும் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எந்தக் கேமரா?

இந்தப் பகுதியில் கிடைக்கும் இரண்டு காசுகளை வைத்தே கணக்குப் போடுவோம். ஒன்று திப்பு சுல்தானின் யானைப் பைசா. செம்பு, குறுக்களவு சுமார் 23 மி.மீ. இன்னொன்று கண்டீரவ பணம். மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜர் (1638-1659) பெயரால் வந்த மிகச் சிறிய பொற்காசு. குறுக்களவு சுமார் 6 மி.மீ., எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் மூன்று வரியில் நாகரி எழுத்து. பாரமகால் பகுதி 1792-இலும், ஓசூர்ப் பக்கம் 1799-இலும் மைசூர் ஆட்சியிலிருந்து கும்பெனியாரிடம் போயின. அதனால் இந்த இரண்டும் இங்கே பழைய வீடுகளில் இருப்பது வியப்பில்லை.

யானைப் பைசாவுக்கு நல்ல கைப்பேசியே போதும். ஆனால் கைப்பேசியைக் காசுக்கு மிக அருகில் கொண்டு போகக் கூடாது. அதன் நிழலே காசின் மேல் விழும். விளக்கு வைக்க இடம் இருக்காது. ஓரங்களும் சற்று வளைந்து தெரியும். ஒரு சாண் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள்.

கண்டீரவ பணத்துக்குக் கைப்பேசி போதாது. அதற்கு லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவும் ஒரு மேக்ரோ லென்ஸும் வேண்டும். மேக்ரோ லென்ஸின் பெட்டியில் 1:1 என்று போட்டிருந்தால், 6 மி.மீ. காசு சென்சாரின் மேலும் 6 மி.மீ. அளவுக்கே விழும் என்று அர்த்தம். 24 மெகாபிக்சல் உள்ள சாதாரண ஏ.பி.எஸ்.-சி கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ.; அதில் 6,000 புள்ளிகள். ஆக அந்தக் குட்டிக் காசு 1,500 புள்ளிகளுக்கு மேல் விரிந்து நிற்கும். நரசிம்மரின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க இது போதும். மெகாபிக்சலுக்காக மேலும் பணம் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தை லென்ஸுக்கும் விளக்குக்கும் வையுங்கள்.

லென்ஸில் 60 மி.மீ., 100 மி.மீ. என்று இரண்டும் கிடைத்தால் 100 நல்லது. அது காசிலிருந்து சற்று தூரமாக நின்று எடுக்கும். விளக்கைச் சாய்த்து வைக்க இடம் கிடைக்கும். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேக்ரோ லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கி.மீ.தானே, ஒரு நாள் போய்ப் பழைய கேமராக் கடைகளைப் பாருங்கள். காசு ஓடப்போவதில்லை, ஆட்டோ ஃபோகஸ் எதற்கு?

அடுத்தது தாங்கி. கேமரா தலைகீழாகக் காசை நேரே பார்த்து நிற்க வேண்டும். இங்கே மூடப்போன ஒரு ஸ்டூடியோவில் பழைய என்லார்ஜர் ஒன்று கிடந்தது. தலையைக் கழற்றிவிட்டால் கனமான பலகை, நிமிர்ந்த இரும்புத் தூண், ஏற்றி இறக்கும் திருகு எல்லாம் தயார். கேமராவை அதில் பொருத்திக்கொண்டேன். பழைய இரும்பு விலைதான்.

இனி ஒரு சின்னத் தந்திரம். காசு வைக்கும் இடத்தில் ஒரு தட்டையான முகக்கண்ணாடித் துண்டை வைத்துக் கேமராவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் சரியான நடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. இல்லையென்றால் தெரியும்வரை திருத்துங்கள். 1:1 அளவில் தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கொஞ்சம் சாய்ந்தாலும் காசின் ஒரு ஓரம் மங்கிவிடும்.

அபெர்ச்சர் எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11. அதற்கு மேல் மூடினால் ஆழம் கூடும், ஆனால் மொத்தப் படமும் மழுங்கும். ஐ.எஸ்.ஓ. 100. ஷட்டரை விரலால் அமுக்காமல் இரண்டு வினாடி டைமர் வையுங்கள். விரல் பட்டாலே இந்த அளவில் படம் ஆடும். ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுத்து நிறத்தைச் சரிசெய்துகொண்டால், செம்பு செம்பாகவே இருக்கும்.

விளக்கும் காசும்

பிரெஞ்சில் 'லுமியேர் ராசாந்த்' என்பார்கள். தரையை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம். சாயங்கால வெயிலில் உழுத நிலத்தின் சால் எல்லாம் தெரிகிறதே, அதே வெளிச்சம். தேய்ந்த செப்புக் காசுக்கு ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கைக் காசின் தளத்துக்குத் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். பிறகு விளக்கைக் கடிகார முள்போலச் சுற்றி, எட்டுத் திசையிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். பத்து மணித் திசையில் தெரியாத எழுத்து இரண்டு மணித் திசையில் எழுந்து நிற்கும். ஆனால் முதன்மைப் படத்துக்கு வெளிச்சம் எப்போதும் மேல் இடப்பக்கமிருந்தே வரட்டும். கீழிருந்து வந்தால் நம் கண் ஏமாந்து, மேட்டைப் பள்ளமாகப் பார்க்கும்.

பளபளக்கும் தங்கத்துக்கு இந்த முறை ஆகாது. வெள்ளைப் பிளாஸ்டிக் டம்ளரின் அடியை வெட்டி, காசைச் சுற்றிக் கவிழ்த்து, வெளியிலிருந்து இரண்டு பக்கமும் விளக்கடியுங்கள். வெளிச்சம் பரவி மென்மையாக விழும். கண்ணாடிபோல் மின்னும் காசுக்கு, காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்துப் பிடித்து, பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தை அதில் பட்டு நேர் கீழே விழச் செய்ய வேண்டும்.

காசை ஒரு சிறு ரப்பர் துண்டின் மேல் உயர்த்தி வைத்தால் பின்னணி மங்கி, நிழல் மறையும். தயவுசெய்து காசைப் புளி, எலுமிச்சை, விபூதி என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பச்சையும் கருமையும் காசின் வயதுச் சான்றிதழ்.

திப்புவின் காசுகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1787 முதல் அவர் மௌலூதி என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்கள் காசில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். 1218 என்பது 8121 போலத் தெரியும். ஏற்கெனவே திரும்பி நிற்கிற எண் அது. சில செயலிகள் படத்தை இடம் வலமாகப் புரட்டிவிடும். அப்படி ஆனால் பார்ப்பவர் எதை நம்புவது? படத்தைச் சேமித்ததும் யானை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையிலிருக்கும் காசோடு ஒப்பிட்டுவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் 'ஒத்துப் பார்த்தது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோமே, அந்த வேலை இது.

பதினொரு பணங்கள்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், எனக்குக் காய்கறி மூலம் பழக்கம். ஒருநாள் சுருக்குப் பையில் பதினொரு கண்டீரவ பணங்களைக் கொண்டுவந்தார். பாட்டியின் பெட்டியில் இருந்து வழிவழியாக வந்தவை.

"சார், இதெல்லாம் சேர்த்தா அரைப் பவுன் வருமா?" என்றார்.

நிறுத்தேன். நான்கு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

"அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கீழே. ஆனா இது தங்கத்து விலைக்குப் போற பொருள் இல்லைங்க. சேகரிக்கிறவங்க கூடுதலாத் தருவாங்க. ஒரு மாசம் பொறுத்தா விசாரிக்கலாம்."

"திங்கட்கிழமை பொண்ணுக்கு நர்சிங் காலேஜில் ஃபீஸ் கட்டணும் சார். ஒரு மாசம் காலேஜ் பொறுக்காது."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? படிப்புக்கு முன்னால் காசு எம்மாத்திரம். ஒரு மணி நேரம் மட்டும் உட்காரச் சொன்னேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து, இரண்டு பக்கமும் எடுத்து, இருபத்திரண்டு படங்கள். மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். படங்களைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். பையில் எல்லாம் ஒரே மாதிரிக் கடுகுபோல் இருந்தவை, திரையில் வேறு வேறாக நின்றன. ஒன்றில் நரசிம்மர் முகம் முழுதாக இருந்தது, ஒன்றில் முழங்கால் மட்டும், ஒன்றில் எழுத்து ஓரம் தாண்டிப் போயிருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க பாட்டி இதை வெறும் துட்டுன்னுதான் சொல்லுவாங்க. உள்ளே சாமி இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது சார்" என்றார்.

துட்டு என்ற சொல் என்னையும் தொட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்ட செப்புக் காசின் பெயர் 'தூதூ', நம் துட்டுதான். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லி மலர், மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று ஊர்ப்பெயர். இந்த எல்லைப் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர்களுக்கும் பணம் என்றால் 'துட்டு'. அந்த ஊரும் இந்த ஊரும் ஒரு செப்புக் காசில் சந்தித்துக்கொண்டன.

அவர் இரண்டு பணங்களை, இரண்டு பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக, எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்பதை விற்றார். கடையில் உருக்கிப் பார்த்துத்தான் எடை போட்டார்களாம். பெண் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ஒன்பது காசுகளும் இன்று என் கணினியில் உள்ள பதினெட்டுப் படங்களில்தான் இருக்கின்றன. உத்தம சோழன் காசுக்கு நடந்ததே இவற்றுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் இந்தப் படங்கள் பதில் சொல்லும்.

கடைசியாக, காகித வேலை

படமெடுப்பதோடு வேலை முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் 'மஞ்சள் உலோக வில்லைகள், 14 எண்ணம்' என்று ஒரு பதிவைப் பார்த்தேன். யாருடைய காசு, என்ன உருவம், என்ன எழுத்து, ஒன்றும் இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது; காசுகள்தான் பதிவில் இல்லை. உங்கள் படம் அப்படி ஆகிவிட வேண்டாம்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு மி.மீ. அளவுகோல் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே காசின் வரிசை எண்ணும் பக்கமும் வரட்டும். ஒரு நோட்டில் எடை, குறுக்களவு, உலோகம், எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். திருத்தாத மூலக் கோப்பை அப்படியே வைத்து, இன்னொரு பிரதியில் வேண்டிய வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் வழிவழியாக வந்த காசு வேறு, மண்ணில் கிடைத்த காசு வேறு. உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில், என்ன கிடைத்தது என்று அதில் எழுத வேண்டும். இப்போது ஓசூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஜே.சி.பி. மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. அப்படி ஏதாவது கிடைத்தால், கிடந்த நிலையிலேயே ஒரு படம், பக்கத்தில் அளவுகோலோடு ஒரு படம், பிறகு மனுவோடு இணைக்க ஒரு பிரதி. அதற்கு மேக்ரோ லென்ஸ் தேவையில்லை, சட்டைப் பையில் உள்ள கைப்பேசி போதும்.

நடை நண்பர்கள் இருவருக்கும் என் பதில் இதுதான். உங்கள் காசுகளில் மிகச் சிறியது எது என்று அளந்து பாருங்கள். அதற்கு ஏற்ற லென்ஸ் முதலில், விளக்கு இரண்டாவது, தாங்கி மூன்றாவது. கேமரா நான்காவதாக வரட்டும். விற்கவோ கொடுக்கவோ உருக்கவோ போகிற காசு ஏதாவது இருந்தால், அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள். புதுக் கேமரா வரும்வரை அது காத்திருக்காது.